பட்டினிக் குளத்து மீன்

— அக்கா, இந்த மீன் வயித்துல சோறு இருக்கு.

— சோறா? மீனுக்க வயித்துலயா, டீச்சரம்மா?

— டீச்சரம்மான்னு கூப்பிடாதீங்கன்னு ஒரு வருஷமா சொல்றேன். நான் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் பாடம் எடுக்கல. மீனுக்கு எந்தத் தீனி போட்டா எவ்வளவு வளருதுன்னு ஆராய்ச்சி பண்றேன். ஜெபகுமாரின்னு பேர் இருக்குல்லா, அதைச் சொன்னா என்ன?

— கண்ணாடி போட்டு, கக்கத்துல பொஸ்தகம் வச்சிருக்க பொம்பளய வேற என்னன்னு கூப்பிடதுக்கு? எங்க வாய்க்கு அதாக்கும் வருது.

— சரி. கிட்ட வந்து இந்தத் தட்டைப் பாருங்க.

— அய்யோ, குடலு! நான் பாக்கமாட்டேன், கேட்டியளா.

— மீன் அறுத்துக் குழம்பு வைக்காதவங்க மாதிரி பேசாதீங்க. பாருங்க. செவப்பா, பாதி கரைஞ்சு, நாலஞ்சு பருக்கை. என்ன இது?

— நெல்லுத் தொலியா இருக்கும். மேல வயல்லேருந்து நம்ம குளத்துக்குத் தண்ணி பாயுதுல்லா?

— வெந்த சோறு எந்த வயல்ல விளையுது, செல்லக்கனி அக்கா?

— பின்ன... அது எனக்கெப்பிடித் தெரியும்?

— இது மூணாம் குளத்து மீன். வாலோரம் நான் நறுக்கிவிட்ட அடையாளம் அப்படியே இருக்கு. ஒண்ணாம் குளத்துக்குக் கடலைப் புண்ணாக்கும் தவிடும். ரெண்டாம் குளத்துக்குத் தேங்காப் புண்ணாக்கும் தவிடும். மூணாம் குளத்துக்கு என்ன போடச் சொன்னேன்?

— ஒண்ணும் போடாண்டாம்னு சொன்னிய.

— ஒண்ணும் போடக் கூடாது. பாசி, பூச்சி, அதுவாக் கிடைக்கிறதைத் தின்னு எவ்வளவு வளருதுன்னு தெரிஞ்சாத்தான், மத்த ரெண்டு குளத்துலயும் என் தீனியால எவ்வளவு கூடிச்சுன்னு சொல்ல முடியும். அதுக்குத்தான் அந்தக் குளம்.

— பட்டினிக் குளம்.

— நீங்க வச்ச பேர். இருக்கட்டும். அந்தப் பட்டினிக் குளத்து மீன் முக்கால் ராத்தல் இருந்தாலே பெருசு. காலையில உங்க வீட்டுக்காரர் வலை போட்டுப் பிடிச்சதைத் தராசுல வச்சோம். எவ்வளவு நின்னுது?

— ரெண்டர ராத்தல். நல்ல கொழுத்த மீனாக்கும்.

— ஒண்ணாம் குளத்து மீன்?

— ரெண்டு ராத்தல்.

— ரெண்டாம் குளம்?

— ஒண்ணேமுக்கா. எல்லாம் எழுதி வச்சிருக்கிய, என்னைப் போட்டு என்னத்துக்குக் கேக்குதிய?

— தின்ன மீனை எல்லாம் பட்டினி கிடந்த மீன் எப்படி ஜெயிச்சுது?

— அய்யா கிருபையாக்கும்.

— அய்யா கிருபையில சோறும் வெந்து, குளத்துல விழுமா?

— சரி. நானாக்கும் போட்டேன்.

— எப்போலேருந்து?

— குஞ்சு வந்து எறக்கின மூணாம் நாள்லேருந்து.

— மூணாம் நாளா! அப்ப இந்த ஒரு வருஷமும்?

— மழ பெய்ஞ்ச நாள்ல போடல்ல.

— அக்கா, அந்தக் குஞ்சுங்க மதராஸ்லேருந்து பானையில, ரயிலும் லாரியும் மாறி, ஆரல்வாய்மொழி தாண்டி வந்து சேர்ந்ததே பெரிய பாடு. பானைத் தண்ணியில காத்து குறையக் கூடாதுன்னு வழி முழுக்க நானே கையால கலக்கிக்கிட்டு வந்தேன். ஒரு குளத்துக்கு நாப்பதுன்னு எண்ணி விட்டேன். எல்லாம் எதுக்கு? ஏன் போட்டீங்க?

— நீங்க தீனிய நிறுத்துத் தந்துட்டு அறைக்குள்ள போயிருவிய. கரையில நடக்கது நானு. ஒண்ணாம் குளத்துக்குப் போட்டு, ரெண்டாம் குளத்துக்குப் போட்டு, திரும்பி வீட்டுக்கு வாறப்ப மூணாம் குளத்தத் தாண்டித்தான் வரணும். எனக்க காலடிச் சத்தம் கேட்டா அதுவ அம்புட்டும் கரைக்கு வந்துரும். வாயத் தொறக்கும், மூடும். தொறக்கும், மூடும். பெட்டியில ஒண்ணும் இருக்காது. நான் வெறுங்கைய வீசிட்டு நடக்கணும். எங்க அய்யா கோயில் நெழல்தாங்கல்ல, பந்தியில உக்காந்தவன் எந்த ஊருக்காரனா இருந்தாலும், இலையப் போட்டுட்டு சோறு வெளம்பாம போவமாட்டோம். இங்க தெனமும் அந்தப் பாவத்தச் செய்யணுமா?

— அது மீன், அக்கா.

— மீனுக்கு வாயில்லியா?

— அதுக்கு ஒண்ணும் ஆகாது. குளத்துல பாசி இருக்கு. சாகாது.

— சாகாதுன்னு எனக்கும் தெரியும். நானும் சாவல்லியே.

— என்ன சொல்றீங்க?

— ஒலகச் சண்டை நடந்த காலம் ஓர்மை இருக்கா? ரேஷன் அரிசி. நீங்க நாகர்கோவில்ல இருந்திருப்பிய, ஒங்க அப்பா வேதக்கோயில்ல சம்பளத்துக்கு இருந்தவிய. எங்க வீட்டுல பிள்ளைய ஆறு பேரு. நான் ஆறாமத்தவ. அம்மெ வரிசையா வெளம்பிட்டு வருவா. எனக்க பக்கத்துல வரும்போ அகப்பை பானைக்க அடியில சொரண்டுத சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் கேட்டா எனக்குத் தெரியும், இனி கஞ்சித் தண்ணிதான்னு. அவளுக்கு எம்மேல பிரியம் இல்லாமலா? உள்ளதத்தான தருவா. ஆனா ஒண்ணு, டீச்சரம்மா, அவ என்னைப் பாக்காம வேற எங்கயோ பாத்துட்டுத்தான் தண்ணிய ஊத்துவா. நானும் அப்பிடி வேற எங்கயோ பாத்துட்டு அந்தக் கரையில நடந்து பாத்தேன். ரெண்டு நாள் நடந்தேன். மூணாம் நாள் முடியல்ல.

— கண்ணாடி மங்கிப்போச்சு. துடைச்சுக்கிறேன், இருங்க.

— ஏசுங்க. ஏசிருங்க. கண்ணாடியத் தொடச்சிட்டே இருக்காதிய, எனக்கு வெப்ராளமா இருக்கு.

— ஏசி என்ன ஆகப்போகுது? நாளைக்குத் திருவனந்தபுரத்துலேருந்து பெரிய ஆபீசர் வர்றார், தெரியும்லா? அவர் கையில நான் என்ன குடுப்பேன்? தீனி போட்ட குளம் தோத்துது, போடாத குளம் ஜெயிச்சுதுன்னா? அப்ப தீனி எதுக்கு, பண்ணை எதுக்கு, பூட்டிட்டு வாங்கம்பார். ஏற்கெனவே இந்த ஊரெல்லாம் திருவனந்தபுரத்தை விட்டு மதராஸோட சேரப்போகுது, போற ஊருக்கு நாம எதுக்கு மீன் வளக்கணும்னு கேட்டுக்கிட்டிருக்கார்.

— பூட்டிட்டா குளத்த என்ன செய்வாவ?

— மண்ணடிச்சு மூடித் தென்னம்பிள்ளை வைப்பாங்க. உங்க ரெண்டு பேருக்கும் வேலை போகும். எனக்கும்தான்.

— அய்யா... நான் அம்புட்டு தூரம் நினைக்கல்லியே.

— அழாதீங்க. கண்ணைத் துடைச்சுட்டு கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு சோறு?

— ஒரு செரட்டை. முழுச் சோறில்ல. பானையில அடிப்பிடிச்சது, பழங்கஞ்சியில மிஞ்சினது.

— வெறும் சோறா?

— வெறும் சோறு ஆருக்காம் எறங்குமா? கொறச்சு கூனிப்பொடி போட்டுப் பெசஞ்சு வைப்பேன்.

— கூனியா? காய்ஞ்ச கூனி இறாலா?

— பின்ன. மணக்குடியிலேருந்து நேசம்மாள் கடவப்பெட்டியில கொண்டு வருவாள்லா, அவகிட்ட வாங்கினது. வறுத்துப் பொடிச்சு, மணமா இருக்கும்.

— இருங்க, இருங்க. இந்தச் செவந்த ஓடு, இதோ இந்தத் துணுக்கு... நான் இதைக் குளத்துப் பூச்சின்னுல்லா எழுதி வச்சிருக்கேன்! இது கூனி ஓடு. அக்கா, நான் ஒரு வருஷமா செடியில விளைஞ்சதையே மாத்தி மாத்திப் போட்டேன். நீங்க கடல்ல விளைஞ்சதைப் போட்டிருக்கீங்க.

— அது தப்பா, சரியா?

— தப்புதான். ஆனா... இருங்க. நாப்பது மீனுக்கு ஒரு சிரட்டை. கணக்கு உதைக்குதே. ஒரு மீனுக்கு ஒரு கரண்டி கூட வராது. கூனியே ஆனாலும் இந்த எடை வராது. அதுவும் போக, குடல்ல இன்னொண்ணு கிடக்கு. இதை மோந்து பாருங்க.

— ச்சீ... தேங்காப் புண்ணாக்கு.

— இதையும் நீங்கதான் போட்டீங்களா?

— இல்ல! அய்யா ஆணை. நீங்க நிறுத்துத் தந்த தீனியில நான் கை வைக்கல்ல. சோறு எனக்க வீட்டுச் சோறு. சர்க்காருக்கு உள்ளத நான் தொடமாட்டேன், கேட்டியளா.

— நீங்க தொடலைன்னா வேற யார் தொடுவாங்க? இந்தப் பண்ணையில இருக்கிறதே நாம மூணு பேர்தான்.

— ...இஞ்சேருங்க! இஞ்சேருங்க! வலைய அங்கன போட்டுட்டு இங்க வாருங்க!

— என்னட்டி இந்தச் சத்தம்? முட்டத்துல உள்ளவனுக்குக் கேக்கும் போலிருக்கு. அம்மா, என்ன காரியம்?

— பகவதியப்பண்ணே, மூணாம் குளத்து மீன் வயித்துல புண்ணாக்கு இருக்கு. எப்படி வந்துது?

— புண்ணாக்கா? சவம்... ஐப்பசி மழையில கரை பொட்டிச்சுல்லா, அதுவழி கலந்திருக்கும்.

— ஐப்பசியில தின்ன புண்ணாக்கு மாசியிலயா வயித்துல கிடக்கும்?

— ஏட்டி, நீ எதுக்கு என்னை இப்பிடி முழிச்சுப் பாக்கே?

— ஒங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சொல்லிருங்க. நான் சொல்லியாச்சு.

— நீ என்னத்தச் சொன்ன?

— தெனமும் சோறு போட்டேன்னு.

— எதுக்கு?

— மூணாம் குளத்து மீனுக்கு.

— நீயுமா?

— அண்ணே, ‘நீயுமா'ன்னா என்ன அர்த்தம்?

— சவத்த, வாய்ல வந்துட்டு. அம்மா, அதாக்கும் காரியம்... தீனிப் பெட்டி ரெண்டையும் குடோன்லேருந்து சுமந்து வாறது நானு. வாற வழியிலதான் மூணாம் குளம். அங்கன கொஞ்சம் நிப்பேன். இந்தப் பெட்டியில ஒரு கை, அந்தப் பெட்டியில ஒரு கை. அம்புட்டுத்தான்.

— தினமுமா?

— மறந்த நாள்ல போட்டதில்ல.

— மறந்தது எத்தனை நாள்?

— அப்பிடி மறந்ததா ஓர்மை இல்ல.

— ஆண்டவரே!

— களவுன்னு நினைக்காதிய, அம்மா. உள்ளவன்கிட்ட கொறச்சு எடுத்து இல்லாதவனுக்குக் குடுத்தேன். ஓட்டு கேக்க வாறவன் எல்லாரும் அதத்தான மைக்குல பேசுதான்?

— எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? சோத்துக்கு உக்காரும்போ ஒங்க கையில புண்ணாக்கு மணக்குதேன்னு நான் எத்தன நாள் கேட்டேன்!

— நீ சொன்னியா? அந்திக்கு அந்திக்குச் செரட்டயும் கையுமா எங்கட்டி போறேன்னு கேட்டா, கோழிக்குன்னு சொன்னியே. நம்மகிட்ட ஏது கோழி? சரி, பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடுதா, பெரிய மனசுக்காரின்னு நானும் விட்டுட்டேன்.

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. நான் என்ன செய்யன்னு யோசிக்கணும். அக்கா போட்ட சோத்தால மூணாம் குளம் கெட்டுதுன்னுதான் நெனச்சேன். இப்ப ஒண்ணாம் குளத்துக்கும் ரெண்டாம் குளத்துக்கும் நான் நிறுத்துத் தந்தது முழுசாப் போய்ச் சேரல. ஒரு வருஷமா எழுதினதுல ஒரு எண் கூட நிக்காது.

— அம்மா, ஒரு வழி இருக்கு. கோவிக்கப்பிடாது.

— சொல்லுங்க.

— கரையில உள்ள நம்பர் பலகைய மாத்தி நட்டிருவோம். ஒண்ணாம் நம்பர் பலகைய மூணாம் குளத்துல, மூணாம் நம்பரை ரெண்டாம் குளத்துல. தீனி போட்டது ஜெயிச்ச மாதிரி ஆச்சு. எந்தக் குளம் எதுன்னு ஆபீசர்கிட்ட மீனா சொல்லும்?

— வால் சொல்லும். அடையாளம் வச்சிருக்கேனே.

— வாலையும் நறுக்கிட்டாப் போச்சு.

— அண்ணே!

— சும்மா சொன்னேன்.

— இல்ல, நீங்க சொன்னதும் ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாத்தான் இருந்துது. பலகையை மாத்தினா நாளைக்கு எனக்கு நல்ல பேர். ஆனா அடுத்த வருஷம் தோவாளையில ஒருத்தன் என் எழுத்தை நம்பி, வயலை வெட்டிக் குளமாக்கி, கடலைப் புண்ணாக்கை மூட்டை மூட்டையா போடுவான். மீன் நான் எழுதின மாதிரி வளராது. அவன் யார்கிட்டப் போய்க் கேப்பான்? நான் எழுதினதைத்தான மறுபடியும் எடுத்துப் படிப்பான்?

— அப்ப உள்ளத உள்ளபடி எழுதுங்க, டீச்சரம்மா. எனக்க பேரை மட்டும் போடுங்க. இவியள விட்ருங்க.

— ஏட்டி, புண்ணாக்குப் போட்டது நானாக்கும். சர்க்கார் பொருளு. எனக்க பேரைத்தான் போடணும். நீ வீட்டுச் சோத்தப் போட்டதுக்கு எவன் கேக்க முடியும்?

— மொதல்ல போட்டது நானு.

— நீ மொதல்லன்னு ஆரு சொன்னா? நான் ரெண்டாம் நாளே போட்டாச்சு!

— போதும்! என்ன நடந்துதோ அதை எழுதுவேன். யார் யார் போட்டாங்களோ அவங்க பேரை எழுதுவேன். நீங்க போய் வேலையைப் பாருங்க. இந்த அறுத்த மீனை எடுத்துக்கிட்டுப் போங்க அக்கா, வீணாக வேண்டாம்.

— நான் குழம்பு வச்சுத் தாறேன். ஆனா திங்கமாட்டேன். பேரு வச்சுக் கூப்பிட்ட மீனாக்கும்.

— ஏட்டி, நான் திம்பேன்.

*

— அக்கா! செல்லக்கனி அக்கா! கதவைத் திறங்க. ஆபீசர் போயாச்சு.

— ஜீப்பு போன சத்தம் கேட்டுது, டீச்சரம்மா. நாங்க நேத்தே சாமானைக் கெட்டி வச்சாச்சு. மயிலாடியில இவியளுக்க மச்சான் கல்லு கொத்துத எடத்துல என்னமாம் வேல கெடைக்கும்னு சொன்னாவ. ஒங்களுக்குத்தான் என்ன செய்வியளோன்னு ராத்திரி முழுக்க ஒறக்கம் இல்ல.

— கட்டினதை அவிழுங்க.

— என்னது?

— அவிழுங்க அக்கா. எங்கயும் போக வேண்டாம். அண்ணன் எங்க?

— இங்க உள்ளேன், அம்மா. பாயச் சுருட்டிட்டு நிக்கேன். என்ன சொன்னாரு அவரு?

— முதல்ல எடையைப் பாத்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடியும் பாத்தார். எண்ணை மாத்தி எழுதிட்டியான்னு கேட்டார். அடுத்த பக்கத்தைப் படிங்க சார்னேன். சோறு, கூனி, புண்ணாக்கு, ரெண்டு பெட்டியிலேருந்தும் ஒரு ஒரு கை, எல்லாம் எழுதியிருந்தேன். படிச்சு முடிச்சுட்டு அவருக்குச் சிரிக்கிறதா திட்டுறதான்னு தெரியல. ஒரு காப்பி குடுன்னார்.

— குடிச்சாரா?

— குடிச்சார். குடிச்சுட்டு, இந்தப் பேர் எழுதியிருக்கிற ஆளுங்களை இன்னிக்கே நிறுத்திருன்னார்.

— பின்ன எதுக்கு அவுக்கச் சொல்லுதிய?

— முழுசாக் கேளுங்க. நிறுத்துறதுன்னா மூணு பேரையும் நிறுத்தணும், பக்கத்தைத் திருப்பிப் பாருங்க சார்னேன். திருப்பினார். மூணாவது பேரைப் படிச்சார். எழுந்து வெளிய போய்க் குளத்தங்கரையில நின்னார். மீன் எல்லாம் கரைக்கு வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடிச்சு. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னார். அப்புறம் திரும்பி, கூனி எவ்வளவு போட்டாங்கன்னு கேட்டார்.

— ஒரு நுள்ளுன்னு சொன்னியளா?

— சொன்னேன். அதை நிறுத்துப் பாத்து எழுதச் சொன்னார். இன்னும் ஒரு வருஷம் பண்ணை இருக்கும். பொறவு மதராஸ்காரங்க வந்தா அவங்ககிட்ட நல்லபடியா ஒப்படைக்கலாம்னார். இந்தத் தடவை நாலு குளம். சோறு தனியா, கூனி தனியா, புண்ணாக்கு தனியா. கூனியைப் பொடிச்சுக் குடுக்கிற வேலை உங்களுக்கு.

— நாலாவது?

— ஒண்ணும் போடாத குளம். அது இல்லாம முடியாது, அக்கா.

— அது வேற இருக்கா இன்னும்...

— இருக்கும். ஆனா அதை ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெட்டச் சொல்லியிருக்கேன். உங்க காலடிச் சத்தம் அதுக்குக் கேக்காது. சுத்தி வேலி, பூட்டு. சாவி ஆபீசர்கிட்ட இருக்கும், உங்க ரெண்டு பேர்கிட்டயும் கிடையாது. என்கிட்டயும் கிடையாது.

— காணாம இருந்தா கொள்ளாம், நல்லதாக்கும். மனசு ஒருவிதம் கெடக்கும். ...ஆமா, டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். பண்ணையில ஆளு நாங்க ரெண்டு பேருதான். மூணாவது ஒரு பேரு எழுதினதாச் சொன்னியளே, அது ஆரு?

— ஜெபகுமாரி.

— ஒங்க பேரையா? எங்க ரெண்டு பேருக்காவ இப்பிடிப் பொய் எழுதிக் குடுத்தியளா, மக்கா?

— பொய் இல்ல, அக்கா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஆராதனை முடிஞ்சு வரும்போது பைக்குள்ள ஒரு ரொட்டி கொண்டு வருவேன். நேத்து அந்த மீனை நான் அறுத்ததே, உள்ள என் ரொட்டி கிடக்குதான்னு பாக்கத்தான்.